இரண்டாம் தேதி ரயில்

"கடலைப் பாக்கப் போறியா? அதுவும் ரெண்டாம் தேதியா?"

பால்மீரா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆமா. காலை ரயில்ல சவோனா. அங்க மாறினா கரையோரமாவே போகலாம். ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்துடுவேன்" என்றாள் இவானா.

"யாரோட?"

"தனியாத்தான்."

இவானாவின் கணவன் செவரினோ இறந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. பால்மீரா அவனுடைய அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு.

அவர்கள் ஊரான மொண்டொவியில் நவம்பர் இரண்டாம் தேதி இறந்தவர்களுக்கான நாள். அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாதவர்கள் இரண்டே வகை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள். கணவனை இழந்தவள் என்றால் கேட்கவே வேண்டாம். காலையிலிருந்து கல்லறைப் பக்கத்திலேயே நின்று, பூவோடு வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுக்க வேண்டும். போன வருடம் இவானா அப்படித்தான் நின்றாள். கால் வீங்கி, ஒரு வாரம் செருப்பு நுழையவில்லை.

இந்த வருடம் இப்படி ஒரு கிறுக்கு.

ஒரு வாரமாக அவள் விடுதிகளுக்குப் போன் செய்து ஓய்ந்துபோயிருந்தாள். அலாசியோவில் ஈஸ்டருக்குத்தான் திறப்போம் என்றார்கள். இன்னொரு ஊரில் போனை யாரும் எடுக்கவே இல்லை. கடைசியில் போர்டிகேராவில் ஒரு கிழவர், அறை இருக்கிறது, ஆனால் சமையல்காரி ஊருக்குப் போய்விட்டாள், காலையில் சாப்பாடு கிடைக்காது என்றார். பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள்.

பால்மீரா பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். குளிருகிற கடலில் காலைக்கூட நனைக்க முடியாது, ஐஸ்கிரீம் கடை பூட்டியிருக்கும், கடற்கரையில் நாய்கூட இருக்காது என்றாள். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் அடுத்த வாரம் போயேன், கடல் எங்கேயும் ஓடிவிடாது என்றாள்.

"இல்ல. ரெண்டாம் தேதிதான் போகணும்."

"அப்படி என்ன அவசரம்?"

"அலுப்பா இருக்கு, பால்மீரா."

"அலுப்பா? என் தம்பியோட வாழ்ந்தப்ப வந்த அலுப்பா, அவன் செத்த பிறகு வந்த அலுப்பா?"

இவானா கையிலிருந்த தாளில் ரயில் நேரத்தைத் திரும்பப் பார்த்தாள்.

அதைப் பார்த்ததும் பால்மீராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீ பாட்டுக்கு ஜன்னலோரமா உக்காந்து போய்டுவே. இவானா எங்கேன்னு ஊரே கேக்கும், நான் தனியா நின்னு பதில் சொல்லணுமா? என்னால முடியாது. முந்தின நாளே பூவை வெச்சுட்டு வந்துடறேன். அன்னைக்கு நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

"அப்படியே செய்" என்றாள் இவானா.

கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள். பால்மீராவின் முகம் சிவந்துபோயிற்று. எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"போயிட்டு வா. ஆனா இனிமே ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு என் வீட்டுப் பக்கம் வராதே."

அதுதான் இவானாவுக்கு வலித்தது. பிள்ளை குட்டி கிடையாது. வாரம் முழுக்க ஒற்றைத் தட்டில் சூப்பை ஊற்றிக் குடிக்கிறவள். மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். வேண்டாம் பால்மீரா, நான் போகவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"சரி" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. பேக்கரிக்காரி ரொட்டியைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, நீச்சலுடை வாங்கியாச்சா என்று கேட்டாள். பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். இவானா ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பையில் ஸ்வெட்டரும் குடையும் எடுத்து வைத்தாள். உண்மையைச் சொன்னால், கடல் மேல் அவளுக்கு ஆசை எதுவும் இல்லை. மூட்டு வலிக்கு அந்த ஈரக் காற்று ஆகவும் ஆகாது.

பிறகு செவரினோவின் பழைய கைபேசியை எடுத்தாள். அதில் 'டயர் கடை' என்று ஓர் எண் இருந்தது. எந்தக் காருக்கும் வாரம் இரண்டு முறை டயர் தேயாது. அது அவளுக்குப் பல வருடங்களாகத் தெரியும். முதல் முறையாக அந்த எண்ணை அழுத்தினாள்.

ஒரு பெண் குரல் ஹலோ என்றது.

"நான் செவரினோவோட மனைவி பேசறேன். வெச்சிடாதீங்க."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"போன வருஷம் நீங்க சாமந்தித் தொட்டியோட கல்லறைத் தோட்டத்து மதில் ஓரமா நின்னதைப் பாத்தேன். நான் எப்ப நகருவேன்னு நாள் பூரா நின்னீங்க. நான் நகரல. கடைசில தொட்டியை வெளியிலயே வெச்சுட்டுப் போனீங்க. கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதைச் சுமக்கத்தான் எனக்குத் தெம்பு இல்ல."

அந்தப் பெண் அழுவது கேட்டது.

"இந்த ரெண்டாம் தேதி நான் ஊர்ல இருக்க மாட்டேன். அவரோட அக்காவும் வர மாட்டாங்க. கூட்டத்தோட கூட்டமா உள்ள போங்க, வாசல் மூடற வரைக்கும் அவர் பக்கத்துல இருந்துட்டு வாங்க."