உக்கும்தார்

"உக்கும்தார்!"

காவலுக்கு நின்ற அவன் குரல் பனிமூட்டத்துக்குள் போனது. பதில் வரவில்லை.

யாரது என்று கேட்கும் வெள்ளைக்காரன் வார்த்தை அது. மதராஸ் பட்டாளத்து வாய்களில் தேய்ந்து இப்படி ஆகியிருந்தது. "பிரெண்ட்" என்று பதில் வர வேண்டும். மூன்று முறை கேட்டும் வராவிட்டால் சுட வேண்டும்.

சுடாத காவலாளிக்கு என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லித்தான் கப்பலில் ஏற்றியிருந்தார்கள்.

டைகிரிஸ் ஆற்றங்கரை. துருக்கிக்காரனோடு சண்டை தொடங்கி மூன்றாம் வருஷம். விடிந்துகொண்டிருந்தது. பின்னால் கூடாரத்தில் அவல்தார் பெரியண்ணன் விழித்துத்தான் கிடப்பார். ஒவ்வொரு குரலையும் எண்ணுவார்.

போன வாரம் இதே இடத்தில் ஒரு கழுதை சுடப்பட்டது.

"பாவம், அதுக்கு இங்கிலீஷ் வரல" என்றார் அவல்தார். கூடாரமே சிரித்தது.

அவனும் சிரித்தான்.

"உக்கும்தார்!"

மூட்டம் சற்று விலகியது. கறுப்பு அங்கியில் ஒரு பெண். இடுப்பில் குடம். அவள் நின்றாள். தன் பாஷையில் ஏதோ சொன்னாள். பிறகு ஆற்றைப் பார்த்து ஓர் அடி வைத்தாள்.

"முருகா" என்றான். அதை மட்டும் மெதுவாக.

"உக்கும்தார்!"

அவள் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

ஒரு சொட்டும் விழவில்லை.

அவன் விரல் விசையில் இருந்தது. கூடாரத்தில் கட்டில் கிறீச்சிட்டது.

அவன் முகத்தைத் தோளுக்குள் புதைத்து, தன்னுடையதல்லாத ஒரு குரலில் சொன்னான்.

"பிரெண்ட்."

கட்டில் அடங்கியது.

அவள் குடத்தை முக்கி எடுக்கும் சத்தம் கேட்டது. அவனைத் தாண்டிப் போகையில் ஒரு கணம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

வெயில் வந்தது. மூட்டம் கலைந்தது.

அவல்தார் கால்சட்டையை இழுத்துக் கட்டியபடி வந்தார். ஈர மண்ணைப் பார்த்தார்.

சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள். ஆற்றுக்குப் போய்த் திரும்பியவை. பக்கத்தில் வரிசையாகத் தண்ணீர்ச் சொட்டுகள்.

அவன் விறைப்பாக நின்றான்.

அவல்தார் தடங்களின் மேல் நடந்தார். ஒன்றுவிடாமல் பூட்ஸால் தேய்த்துக்கொண்டே ஆறு வரை போனார். முகம் கழுவினார். திரும்பி வந்தார்.

"உன் பிரெண்டுக்குத் தொண்டை கட்டியிருக்குடா" என்றார். "நாளைக்குக் கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லு."