முதுகோடு முதுகு

ஆலோசகர் வேதா உடம்பையும் மனசையும் சேர்த்தே பார்ப்பவர். சனத்நகர் லேத் பட்டறையிலிருந்து தோள் இறுகி, தூக்கம் கெட்டு வந்த சிலாஸோடு கலந்து பேசித்தான் அந்தப் பயிற்சியை முடிவு செய்தார்: வீட்டில் ஒருவரோடு முதுகோடு முதுகு சாய்ந்து, தினமும் பத்து நிமிடம் நிதானமாக மூச்சு விட வேண்டும்.

மூன்றாம் வாரம் சிலாஸின் முகம் தெளிந்திருந்தது.

"தூக்கம் வருதா சார்?"

"ஹவ் மேடம், நல்லாவே வருது. சாஞ்சா அந்த முதுகு கதகதப்பா இருக்கு. லேசா நடுங்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். கூடவே நானும் அடங்கிடுறேன்."

வேதாவுக்குப் பொறாமையாகவே இருந்தது. தன் முதுகில் ஒருவர் சாய்ந்து எத்தனை வருஷமாச்சு!

"அடுத்த வாரம் அவங்களையும் கூட்டிட்டு வாங்களேன்."

சிலாஸ் தலை குனிந்தார்.

"ப்ளக்கைப் பிடுங்கணுமே மேடம். வீட்ல ஃப்ரிட்ஜும் நானும்தான்."