இரண்டே ஸீட்

பட்டாளம் ஏலத்தில் தள்ளிவிட்ட பழைய ஜீப், சக்கரமும் இன்ஜினும் இல்லாமல், ஆம்பூரில் சாந்தகுமார் வீட்டு ஷெட்டில் செங்கல் மேல் நின்றது. அதை எப்படியெல்லாம் மாற்றுவது என்று 1979 காலண்டர் தாளின் பின்புறம் பிளான் வரைந்தவன் அவனுடைய தோஸ்த் தானியேல். டீசல் இன்ஜின், தகரக் கூரை, முன்னால் இரண்டு தோல் ஸீட்.

"பின்னாடி ஸீட்டே வேணாம்டா. நீ, நான். வேற எவனும் ஏறக் கூடாது."

சொன்ன மாதமே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான்.

சாந்தகுமார் பிளானை விடவில்லை. தோல் கம்பெனிக்காரன், ஈரத் தோலை இழுத்து ஆணியடித்தால்தான் சுருக்கம் விழாது என்று அவனுக்குத் தெரியும். காய்வதற்குள் யாராவது உட்கார்ந்தால் அந்த உடம்பின் அச்சு அப்படியே தங்கிவிடும். அதனால் சனிக்கிழமை ஸீட் அடித்து முடித்ததும் ஷெட்டைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்து திறந்தான். தோல் காய்ந்திருந்தது. டிரைவர் ஸீட்டில் ஒரு குழி, இடது பக்கம் ஆழமாக. தானியேலுக்கு ஒரு கால் குட்டை. எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம்தான் சாய்வான்.

சாந்தகுமாருக்குப் பயம் வரவில்லை. சொன்னபடி வந்துவிட்டானே என்று கண் கலங்கியது. பக்கத்து ஸீட்டிலும் குழி இருந்தது. ஆசையாக ஏறி அதில் உட்கார்ந்தான். அவன் இடுப்பு அதற்குள் அடங்கவில்லை.

"என்னை உட்டுட்டு யாரடா ஏத்திக்கின?"

இறங்கி, பிளானை எடுத்து, பின்னால் மூன்றாவதாக ஒரு ஸீட் வரைந்தான்.