புரண்டு படுத்த ராஜா

பல்லக்கைத் தோளில் ஏற்றியதுமே சடையனுக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே ராஜா செத்துக் கிடக்கிறார் என்று. உயிருள்ள உடம்பு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சாய்ந்து கொடுக்கும். இது நெல்மூட்டை மாதிரிக் கிடந்தது. குதிரையில் கூடவே வந்த தளவாய், “ராஜா தூங்குறார், மெதுவா போங்க” என்றார். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் தூக்குகிற நாலு பேரும் வழியிலேயே காலி.

“மச்சான், இது வந்து...” என்று பின்னாலிருந்து வீரணன் வாயெடுத்தான்.

“பேசாம நடடா. ராஜா பொரண்டு பொரண்டு படுக்குறதுல என் தோளு கழண்டுபோவுது” என்று சடையன் உரக்கச் சொன்னான். தளவாய் சிரித்தார். பிறகு ஒவ்வொரு மேட்டிலும் சடையன் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.

கோட்டை கண்ணில் பட்டதும் தளவாய் குதிரையைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார். வாசலில் பல்லக்கை இறக்கும்போது இளவரசரோடு வந்து நின்றார்.

“அப்பா எப்படி இருக்கார், சடையா?”

தளவாய் சடையனையே பார்த்தார்.

“இப்பக்கூடப் பொரண்டு படுத்தாருங்க, சாமி.”

இளவரசர் திரையை விலக்கினார். ராஜாவின் கழுத்தைச் சுற்றி, முறுக்கிய துணியின் தடம் கறுத்திருந்தது.

“இப்ப வரைக்கும் உசுரோடதான் இருந்திருக்கார்” என்றார் தளவாய்.

இளவரசர் திரும்பினார். தோளுக்கு அணையாக வைத்திருந்த துண்டு, முறுக்குக் கலையாமல் சடையன் கையில் இருந்தது.