கேள்விக்குறிகளுக்கு நடுவே ஒரு பெயர்

அலெக்ஸாண்டிரியாவில் டிராம் ஓடும் தெருவில் ரீஹாமின் கணினிக் கடை. பழுதான ஒரே வன்வட்டை இரண்டு மீட்பு மென்பொருள்கள் இரு திரைகளில் துழாவிக்கொண்டிருக்கின்றன. முதலாவது மளமளவென்று கோப்புகளைக் கொட்டுகிறது. ஆனால் அரபுப் பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகள். இரண்டாவது மெதுவாக, எழுத்துப் பிசகாமல் பெயரோடு கொண்டுவருகிறது. ஜன்னல் வெயிலில் தேநீர் ஆறிக்கிடக்க, கணினிக்குச் சொந்தக்காரி இன்திசார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்கிறாள்: ‘இன்திசார், இதைத் திறக்காதே.’ இறந்துபோன கணவர் ஒரு கோப்புக்கு வைத்த பெயர். “திறக்கட்டுமாம்மா?” என்கிறாள் ரீஹாம். “வேணாம் மகளே. மனுஷன் இருந்தவரைக்கும் அவர் பேச்சைக் கேட்டதே இல்ல. இதையாவது கேக்குறேன்.” சிரிக்கும்போதே கண் நிறைகிறது. மவுஸின் மேலிருந்த ரீஹாமின் கையைப் பற்றிக்கொள்கிறாள். “அவர் வாயால என் பேரைக் கூப்பிட வச்சிட்டியே. உன் கை நல்லா இருக்கணும்.”