மூடி ஒட்டாத பெட்டிகள்

“இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பெட்டியையும் ஒட்டி முடிச்சிடணும், ஹருயோ. ஒண்ணுகூட பாக்கி இருக்கக் கூடாது” என்றான் கெய்சுகே போனில்.

“மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஒட்டலாமே. திறந்து பார்த்து வாங்குற பெட்டியைப் போய் பிளாஸ்டிக் சுத்தி வச்சா, வர்றவங்க நம்மளை என்ன நினைப்பாங்க?”

“ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவர்கிட்ட போய்ச் சொல்லப் போறியா, கடையில திருட்டு நடக்குதுன்னு? வெளிநாட்டுல எல்லாம் சீல் வச்சுத்தான் விக்கிறாங்க. சொன்னதைச் செய்.”

ஷிசுவோகாவில் அந்த மாடல் கடையை ஹருயோவின் மாமனார் நாற்பது வருடமாக நடத்தி வந்தார். குட்டி விமானம், டாங்கி, போர்க்கப்பல் எல்லாம் துண்டு துண்டாகப் பெட்டியில் இருக்கும். வாங்கிப் போய் நாமே பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். பெட்டிக்கு வெறும் மூடிதான். ‘தாராளமாகத் திறந்து பாருங்கள்’ என்று மாமனாரே எழுதித் தொங்கவிட்டிருந்தார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன இந்த இரண்டு மாதமாக வார நாட்களில் ஹருயோவும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவன் கெய்சுகேயும் கடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் சனி பிடித்தது. விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்கள் அச்சடித்த மெல்லிய தாள் பெட்டியில் இல்லை என்று மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் மூன்று வாரம் உட்கார்ந்து பொருத்தி, சாயம் பூசி, கடைசியில்தான் பார்த்தாராம். ஹருயோ இனிப்புப் பெட்டியோடு அவர் வீட்டு வாசலில் போய்த் தலை குனிந்து நின்றாள். நாலாவது ஆள் வந்தால் கடையின் பெயர் போய்விடும். மருமகள் கையில் கொடுத்தார், கெட்டது என்றுதான் ஊர் பேசும்.

கல்லா மேசையில் பிளாஸ்டிக் சுருள் வந்து கிடந்தது. ‘இன்றே முடி’ என்று கெய்சுகே தன் சாய்ந்த கையெழுத்தில் துண்டுச்சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தான்.

கதவு மணி அடித்தது. போனைக் காதோடு வைத்தபடியே ஹருயோ வாசலைப் பார்த்தாள்.

“வந்துட்டான்” என்றாள் கிசுகிசுப்பாக.

“யாரு?”

“ஒரு ஆளு. மாஸ்க்கு, மழைக்கோட்டு. நாலு வாரமா புதன்கிழமையானா வர்றான். ஒண்ணும் வாங்குறதில்ல. கேமரா படாத மூலையில நின்னுக்கிட்டு ஒவ்வொரு பெட்டியா திறக்கிறான்.”

“எந்தப் பெட்டி?”

“பழைய விமானப் பெட்டிங்க.”



“அவன்கிட்ட பேசாதே” என்றான் கெய்சுகே. “ஒரு வார்த்தை பேசாதே. கத்தி கித்தி வச்சிருப்பான்.”

“போலீஸைக் கூப்பிடட்டுமா?”

“அதெல்லாம் வேண்டாம். நான் இப்பவே கிளம்பி வர்றேன்.”

போன் அணைந்தது. கடையில் அவளும் அந்த ஆளும்தான். வெளியே மழை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மூலையில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அவன் கோட்டுக்குள்ளிருந்து தட்டையான ஒரு உறையை எடுத்தான். கையில் ஏதோ மின்னியது. ஹருயோ இழுப்பறையிலிருந்த அட்டை வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, கொஞ்சம் இங்க வர்றீங்களா?”

அவள் நகரவில்லை. அவனே வந்தான். மாஸ்க்கைக் கழற்றினான். அறுபது வயது இருக்கும். கையில் மின்னியது ஒரு இடுக்கி.

“அந்தக் கத்தியைக் கீழ வச்சிடுங்கம்மா. பார்த்தா எனக்கு பயமா இருக்கு. என் பேரு மியாஷிதா. உங்க மாமா கடை திறந்த நாள்லேர்ந்து இங்க வாங்குறவன்.”

“பெட்டிக்குள்ளேர்ந்து என்ன எடுத்தீங்க?” கத்தியை விடாமலே கேட்டாள்.

“எடுக்கலைம்மா, வைக்கிறேன். இன்னும் பதினோரு பெட்டி பாக்கி. யாருக்கும் தெரியாம முடிச்சிடலாம்னு பார்த்தேன். இந்த பிளாஸ்டிக் சுருளைப் பார்த்ததும் சொல்லித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு. ஒட்டிட்டீங்கன்னா நான் எப்படி வைக்கிறது?”

உறையிலிருந்து ஒரு சின்னத் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்க ஓரத்தில் பென்சிலில் ஒரு தேதி இருந்தது. தாள் நாளானால் மஞ்சளாகிவிடும் என்று, சரக்கு வந்த தேதியை ஒவ்வொரு தாளிலும் குறித்து வைப்பது மாமனாரின் வழக்கம். அவருடைய எழுத்தேதான்.

“இதெல்லாம் இணையத்துல தனியா விலைக்கு வருது. முதல் தாளைத் திருப்பிப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு, இந்தக் கடைச் சரக்குன்னு. அவர் பிழைச்சு வந்து இதைப் பார்த்தா தாங்குவாரா? அதான் வந்ததையெல்லாம் வாங்கி வாங்கித் திருப்பி வைக்கிறேன்.”

ஹருயோவுக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இத்தனை நாள் இவரையா சந்தேகப்பட்டோம்?

“ஐயா, விக்கிறது யாரு?”

“தெரியலைம்மா. பேரு பொய்ப் பேருதான். ஆனா ஒண்ணு. பெட்டியை ஒட்டி வித்துட்டா உள்ள இல்லாதது கடையில வாங்குறப்ப யாருக்கும் தெரியாது. அப்புறம் பழி தயாரிச்ச கம்பெனி மேல போயிடும். உங்களுக்கு இந்த யோசனையைச் சொன்னவங்களைக் கொஞ்சம் விசாரிங்க.”

அவர் தாள் தபாலில் வந்த உறையைக் கல்லா மேசையில், பிளாஸ்டிக் சுருளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி மூலைக்குப் போனார். வாசலில் கார் வந்து நின்றது.

ஹருயோ உறைமேல் விற்ற ஆள் கையால் எழுதியிருந்த முகவரியைப் பார்த்தாள். சுருள் மேலிருந்த ‘இன்றே முடி’யைப் பார்த்தாள். இரண்டும் ஒரே சாய்ந்த கையெழுத்து.

கதவு மணி அடித்தது. மழையில் நனைந்தபடி உள்ளே வந்த கெய்சுகே, கதவை உள்பக்கமாகப் பூட்டிவிட்டுக் கேட்டான்: “உன்கிட்ட எதுவும் பேசலையே அவன்?”