மிதிக்கிற கால்

சன்னல் வெயில் மேசைமேல் இருக்கிற மாத்திரை டப்பாவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதில் இருப்பது புது ரத்த அழுத்த மருந்தா, வெறும் மாவு மாத்திரையா என்று விழுங்குகிற தையல்காரம்மாவுக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது. மருந்தைச் சோதிக்கிற ஆராய்ச்சி முடிகிறவரை அப்படித்தான். அழுத்தத்தை அளப்பதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். இருபது வருஷம் மெஷின் மிதித்த கால் கேட்கிறதா? தானாகத் தரையை மிதிக்கிறது. "காலை ஆட்டாதீங்கக்கா," என்கிறாள் நர்ஸ். "அது என் பேச்சைக் கேக்காதும்மா," என்று தையல்காரம்மா முழங்காலை இரு கையாலும் அமுக்கிக்கொள்கிறாள். இப்போது அவளுக்கு ஆகிற இதே நாற்பத்தாறு வயதில்தான் அவளுடைய கூடப்பிறந்தவள் அழுத்தம் ஏறி விழுந்தாள், எழுந்திருக்கவில்லை. கைப்பட்டை மூன்று தரம் இறுகி, மூன்று தரம் புஸ்ஸென்று தளர்கிறது. எண் தெரிகிற முகப்பு நர்ஸ் பக்கம் திரும்பியிருக்கிறது. போன மாதங்களில் அதைப் பார்த்ததும் நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொள்வாள். இன்று கடிக்கவில்லை. "எவ்வளவும்மா?" "சொல்லக் கூடாதுக்கா." சொல்லவே வேண்டாம். புதுச் சட்டை போட்டுப் பார்க்கிறவர்களின் முகத்திலேயே அளவு சரியா இல்லையா என்று கண்டுபிடித்துவிடுகிறவள் தையல்காரம்மா. பட்டை கழன்றதும் கால் மறுபடி மிதிக்கத் தொடங்குகிறது. அடுத்த மாதத்து டப்பாவை நீட்டுகிற நர்ஸ் காலை நிறுத்தச் சொல்லவில்லை.